செந்நாய்க் கூட்டமும் நம் வீட்டுக் கூட்டமும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் முதுமலை, பந்திப்பூர் காடுகளின் செந்நாய்களைப் பற்றி எழுதியிருந்தோம். குட்டி ஈன்ற தாய்க்குக் கூட்டமே வளைவரை இறைச்சி கொண்டுவந்து தருகிறது என்ற ஒரு செய்திதான் வாசகர்களை அதிகம் பிடித்துக்கொண்டது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காட்டைவிட வீட்டைப் பற்றியே பேசுகின்றன. பதில் சொல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். எந்த விலங்கும் நமக்குப் பாடம் நடத்துவதற்காக வாழவில்லை. அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்ற காரணம் தெரிந்து, அதே காரணம் நம் வாழ்க்கையிலும் இருந்தால் மட்டுமே அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றையும் அந்த அளவுகோலை வைத்துத்தான் எழுதியிருக்கிறோம்.

செந்நாய் என்பது காட்டுக்குள் போய்விட்ட ஊர்நாய்தானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை. நாய்க் குடும்பத்தில் அது தனிப் பேரினம். ஊர்நாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப்பல் கிடையாது. பெண் செந்நாய்க்குப் பால்காம்புகள் 12 முதல் 16 வரை இருக்கும். உடல் செம்பழுப்பு, புதர் போன்ற வால் கறுப்பு, எடை பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ. ஊர்நாய்போல் குரைத்துக்கொண்டே இருக்காது. விசில் அடிப்பதுபோல் ஒலி எழுப்பும்.

தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இருக்கிறது. இதன் வாழ்க்கையை முறையாக ஆராய்ந்த முன்னோடி நம் நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து ஆய்வு செய்தார். இன்று நாம் செந்நாய் பற்றி உறுதியாகச் சொல்லும் பல விஷயங்களுக்கு அந்த உழைப்புதான் அடித்தளம்.

மகளுக்குத் தலைப்பிரசவம் ஆகி இரண்டு வாரம். வீடு நிறைய ஆள் இருந்தும் அவள்தான் துவண்டு போகிறாள். செந்நாய்க் கூட்டத்தில் மட்டும் இது எப்படிச் சரியாக நடக்கிறது?
– ஒரு தாய், திண்டுக்கல்

உங்கள் வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை, யாருக்கு என்ன வேலை என்பதில்தான் குறை இருக்கிறது. செந்நாய் 60 முதல் 63 நாள் சுமந்து, இந்தியக் காடுகளில் பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஈனுகிறது. குட்டிகள் ஏறக்குறைய இரண்டு மாதம் பால் குடிக்கும். அந்த நாட்களில் தாயின் முக்கிய வேலை பால் கொடுப்பதுதான். கூட்டம் வேட்டைக்குப் போய் அவளுக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒன்றிரண்டு பெரிய நாய்கள் வளையருகே காவலுக்குத் தங்கிவிடுகின்றன.

கொண்டுவரும் விதத்தையும் பாருங்கள். திரும்பி வந்த நாயின் கடைவாயைக் குட்டிகள் நக்கும், மூக்கால் இடிக்கும். அது தலையைத் தாழ்த்தி, வயிற்றை எக்கி, விழுங்கி வந்த இறைச்சியைத் துண்டு துண்டாகத் தரையில் கக்கிக் கொடுக்கும். வாயில் கவ்விக்கொண்டு வந்தால் வழியில் புலியோ சிறுத்தையோ பிடுங்கலாம். வயிற்றில் இருப்பதைப் பிடுங்க முடியாது. கொண்டு வரும் நாயே அந்தச் சுமை முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. தாய் எழுந்து போய் எதையும் வாங்கிவர வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ‘குழந்தையைக் கொடு, நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று வாங்கிக்கொள்கிறோம். கை காலியான மகள் துணி அலசுகிறாள், பார்க்க வந்தவர்களுக்குக் காபி போடுகிறாள். குழந்தையைக் கொஞ்சுவது எல்லோருக்கும் பிடித்த வேலை என்பதால் அதற்கு ஆள் சேர்ந்துவிடுகிறது. மற்ற வேலைகள் கேட்பாரற்றுத் தாய் தலையிலேயே விழுகின்றன. இதை மாற்றுங்கள். பால் கொடுப்பதும் தூங்குவதும் மகள் வேலை. சமையல், துணி, விருந்தாளி, இரவு அணையாடை மாற்றுவது, இந்த நான்கையும் ஆள் பெயர் போட்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்ற வேலையை யாரும் பார்ப்பதில்லை. இரவு வேலையில் மருமகன் பெயர் கட்டாயம் இருக்கட்டும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றித் தூங்க வைப்பது அவர் பொறுப்பு என்றால் மகளுக்கு ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டிலும் அளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. வழக்கமான மூன்று வேளைக்கு மேல் இரண்டு இட்லி சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை கொடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். ஒரேயடியாகத் திணிக்காமல், பால் கொடுக்கும் இடத்திலேயே தண்ணீரும் தின்ன ஏதாவதும் வையுங்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. பிரசவமான முதல் சில நாட்களில் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டுதல் இல்லாமை தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள தம்பி வேலையை விட்டுவிட்டான். நானும் அக்காவும் வெளியூரில் சம்பாதிக்கிறோம். அவ்வப்போது பணம் அனுப்பியும் தம்பிக்கு மனக்குறை. என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

தம்பிக்கு ‘அவ்வப்போது’ என்ற சொல்தான் வலிக்கிறது. காவலுக்குத் தங்கும் செந்நாய் வேட்டைக்குப் போகாததால் அது உழைக்கவில்லை என்று ஆகிவிடாது. அது தங்கியதால்தான் மற்றவை கவலையின்றிப் போக முடிகிறது. ஆப்பிரிக்கக் காட்டுநாய்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வேட்டை முடித்துத் திரும்பியவை குட்டிக்கும் தாய்க்கும் மட்டுமல்லாமல் காவலிருந்த நாய்க்கும் கக்கி ஊட்டுகின்றன. நொண்டியாகிப் பின்தங்கிய நாய்க்கும் ஊட்டுவது பதிவாகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு வாரம் தம்பி பார்க்கும் வேலையை நேரத்தோடு குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: புரட்டிப் படுக்கவைப்பது, மலம் சிறுநீர் எடுப்பது, மருந்து, இரவில் எழுவது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது ஒன்றே போதும், இது முழுநேர வேலை என்று புரிய. பிறகு உங்கள் ஊரில் வீட்டோடு தங்கிப் பார்க்கும் பணியாளருக்கு என்ன சம்பளம் என்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள். அதற்குக் குறையாத தொகையை நீங்களும் அக்காவும் பகிர்ந்து மாதம் 1ஆம் தேதி தம்பியின் வங்கிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். உங்கள் செலவு போக மிச்சத்தில் கொடுக்க நினைத்தால் மிச்சம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. அவன் கேட்க வேண்டி வரும். கேட்டு வாங்கும் பணம் பிச்சையாகத் தோன்றும்.

அப்பாவின் மருந்துச் செலவை இதில் சேர்க்காதீர்கள். அது தனிக் கணக்கு. மாதத்தில் இரண்டு நாளாவது நீங்கள் வந்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டு தம்பியை வெளியே அனுப்புங்கள். பணத்தால் தீராத பாதிக்குறை அதில் தீரும்.

‘வீடு அவனுக்குத்தானே வரப்போகிறது’ என்ற பேச்சு எழும். எழுத்தில் இல்லாத சொத்துப் பேச்சைச் சம்பளத்துக்கு ஈடாக வைக்காதீர்கள். அப்பா காலத்துக்குப் பிறகு பங்குப் பிரச்சினை முளைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மகன், மகள் எல்லோருக்கும் உண்டு. கூட இருப்பவருக்கு மட்டுமான கடமை அல்ல.

குட்டிகளுக்குத்தான் முதல் பங்கு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பிள்ளைகள் கேட்பதை மறுக்கக் கூடாதா?
– வாசகி, மதுரை

முதல் பங்கு உண்டு. ஆனால் அதன் கூடவே பயிற்சியும் உண்டு. குட்டிகள் 70 முதல் 80 நாளில் வளையை விட்டு வெளியேறுகின்றன. ஆறு மாதத்தில் வேட்டைக்குக் கூடவே ஓடுகின்றன. எட்டு மாதத்தில் கடமான் போன்ற பெரிய இரையை வீழ்த்த உதவுகின்றன. பெரிய நாய்கள் விலகி நின்று குட்டிகளைத் தின்ன விடுவது சாப்பாட்டு விஷயத்தில் மட்டும்தான். வேலையில் அந்த விலக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைக்குத் தட்டில் முதலில் பரிமாறுங்கள், அதே பிள்ளை தன் தட்டைக் கழுவட்டும். பத்து வயதில் அரிசி களைந்து குக்கரில் வைக்கவும், பன்னிரண்டில் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைக் கணக்குச் சொல்லி ஒப்படைக்கவும் பழக்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைதான்.

கல்யாண சமையல் குழு நடத்துகிறேன், பன்னிரண்டு பேர். பந்தி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். செந்நாயின் கூட்டு வேட்டையிலிருந்து ஏதாவது சொல்ல முடியுமா?
– சமையல் காண்ட்ராக்டர், கோபிசெட்டிபாளையம்

இரண்டு விஷயம் சொல்லலாம். புறப்படுமுன் செந்நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து, உடம்போடு உடம்பு உரசிக்கொள்கின்றன. அதன் பிறகே கூட்டமாகக் கிளம்புகின்றன. புதருக்குள் ஓடும்போது ஒன்றுக்கு மற்றது தெரியாது. சிதறிவிட்டால் விசில் ஒலி எழுப்பி மறுபடி கூடுகின்றன.

முதல் பந்திக்கு அரை மணி நேரம் முன்பு பன்னிரண்டு பேரும் நின்றபடி ஏழெட்டு நிமிடம் கூடுங்கள். போன் கையில் இருக்கக் கூடாது. நீங்கள் பேச வேண்டாம். ஒவ்வொருவரும் தன் வேலையைத் தன் வாயால் சொல்லட்டும்: ‘நான் சாம்பார், மூன்றாவது வரிசை வரைக்கும்’, ‘நான் அண்டாவிலிருந்து வாளிக்கு ஊற்றித் தருவேன்’. இரண்டு பேர் ஒரே வேலையைச் சொன்னாலோ, ஒரு வேலையை யாருமே சொல்லாமல் விட்டாலோ அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் விடுபடுவது தண்ணீரும் இரண்டாம் முறை சாதமும்தான்.

சைகை மூன்றுக்கு மேல் வேண்டாம். சாதம் தீர்கிறது, குழம்பு தீர்கிறது, இந்த வரிசையில் ஆள் வேண்டும். அவ்வளவுதான். ஆறேழு சைகை வைத்தால் அவசரத்தில் எல்லாம் குழம்பிவிடும். ஒவ்வொரு சைகைக்கும் யார் ஓட வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று பேர் ஓடி வந்து முட்டிக்கொள்வார்கள்.

நேற்றைய தப்புக்காக இந்தக் கூட்டத்தில் யாரையும் திட்டாதீர்கள். அதைச் சாமான் ஏற்றி முடித்த பிறகு தனியாகப் பேசுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த இரண்டு மணி நேரம் பந்தியைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

‘ஆல்ஃபாவாக இரு, கூட்டத்தை அடக்கு’ என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறதே?
– வாசகர், சேலம்

நம்பாதீர்கள். ஓநாய்க் கூட்டத்தை ‘ஆல்ஃபா’ என்ற ஒரு தலைவன் அடக்கி ஆள்கிறது என்ற அந்தக் கருத்து, அடைத்து வைக்கப்பட்ட, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999ல் தாமே எழுதித் திருத்தினார். செந்நாய்க் கூட்டத்திலோ தலைமை எது என்று கண்டுபிடிப்பதே கடினம். பெரிய நாய்களுக்குள் சண்டை அரிதாகத்தான் காணப்படுகிறது.

போட்டித் தேர்வுக்கு நான்கு வருடமாகப் படிக்கிறேன். விடாமுயற்சிக்கு விலங்குகளை உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு நிறுத்தலாமா என்று தோன்றுகிறது.
– ஒரு பட்டதாரி, தென்காசி

செந்நாய் விடாது துரத்தும் என்று பெயர் வாங்கிய விலங்கு. ஆனால் அதன் துரத்தல்களில் பெரும்பாலானவை சுமார் 500 மீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. பிடிபடாத மானை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறது. 15 கிலோ உடம்பில் இருக்கும் தெம்பை ஒரே மான்மேல் கொட்டித் தீர்த்துவிட்டால் மாலை வேட்டைக்குக் கால் இருக்காது. நீண்ட தூரம் துரத்துவதும் உண்டு. அப்போது முன்னால் ஓடுபவை களைத்ததும் பின்னால் நிதானமாக வந்தவை முன்னே வருகின்றன. தனியாக எந்த நாயும் அப்படி ஓடுவதில்லை.

உங்கள் நான்கு வருட மதிப்பெண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். கட்-ஆஃப்புக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வருகிறதா? குறைகிறது என்றால் இன்னும் ஒரு முயற்சிக்கு நியாயம் உண்டு. எந்தப் பாடத்தில் எத்தனை கேள்வி தவறுகிறது என்று பிரித்து, அதற்கு மட்டும் நேரம் கொடுங்கள். இடைவெளி அப்படியே நின்றாலோ கூடினாலோ, இன்னும் ஒரு வருடம் அதே முறையில் படிப்பதால் மாற்றம் வராது. கடைசித் தேதியை இன்றே முடிவு செய்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ரிசல்ட் வந்த வேதனையில் முடிவெடுத்தால் நிறுத்துவதும் தப்பாகும், தொடர்வதும் தப்பாகும். அதுவரை பாதி நாள் சம்பளம் வரும் ஒரு வேலையைப் பிடியுங்கள். நிறுத்துகிற நாளில் கையில் ஒன்று இருக்கும். நான்கு வருடம் படித்த கணக்கும் பொது அறிவும் வங்கி, அஞ்சல், தனியார் அலுவலகத் தேர்வுகளுக்கு அப்படியே உதவும். அதை வீண் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உயிரோடு இருக்கும் மானைக் கடித்துத் தின்னும் விலங்கிடம் என்ன பாடம் இருக்க முடியும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, அந்த இடத்தில் நமக்கு எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதை மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். புலியும் சிறுத்தையும் தொண்டையைக் கவ்விக் கொல்லும் உடற்பலம் கொண்டவை. செந்நாய்க்கு அது கிடையாது. ஒன்று மூக்கைப் பிடிக்க, மற்றவை விலாவிலும் பின்தொடையிலும் கடித்துச் சாய்க்கின்றன. இரை ரத்தம் இழந்து சாகிறது. பந்திப்பூர்க் குளங்களில் மானைத் தண்ணீருக்குள் விரட்டிப் பிடிப்பதும் உண்டு. வேகமாகத் தின்பதற்கும் காரணம் இருக்கிறது. தாமதித்தால் புலி வந்து பறித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் 4 கிலோ வரை இறைச்சியை ஒரே நாய் விழுங்கிவிடும்.

பார்க்கச் சகிக்காத இந்த ஒரு காட்சியை வைத்து மனிதர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பதில்தான் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் செந்நாயை ஒழிக்க வேண்டிய பிராணி என்று முத்திரை குத்தி, கொன்றால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது. சுட்டும் விஷம் வைத்தும் வளையோடு குட்டிகளை அழித்தும் கொன்றார்கள். இன்று உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 2,500க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. பசிக்காகக் கொன்ற விலங்கைக் கொடூரம் என்று சொல்லி, பணத்துக்காகக் கொன்றோம்.

காட்டோரத்தில் குடியிருக்கிறோம். செந்நாய்களைப் பார்க்கவும் வேண்டும், அவற்றுக்குத் தீங்கும் வரக் கூடாது. என்ன செய்யலாம்?
– சுய உதவிக் குழு உறுப்பினர், மசினகுடி

பார்ப்பதற்கு விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரமும், மாலையும் நல்ல நேரம். பெரும்பாலும் பகலில் நடமாடும் விலங்கு அது. சாலையில் கூட்டத்தைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், இறங்காதீர்கள், ஹாரன் வேண்டாம். இரையின்மேல் இருக்கும்போது நெருங்கினால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடும். அந்த இறைச்சியை எடுத்துவரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. குட்டி வளர்க்கும் மாதங்களில் அது வளையில் காத்திருக்கும் குட்டிகளின் சோறு. வளை இருக்கும் இடம் தெரிந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள். வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள்.

இதைவிட முக்கியமானது உங்கள் வீட்டு நாய். வெறிநோய், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் மூன்றும் ஊர்நாய்களிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றக்கூடியவை. ஒரே இடத்தில் மலம் கழிப்பதும், முகத்தோடு முகம் உரசுவதும், கக்கிய இறைச்சியைப் பகிர்வதும் செந்நாய்களின் வழக்கம் என்பதால் ஒன்றுக்கு வந்த நோய் கூட்டத்துக்கே பரவிவிடும். நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி அந்த வயதில் மருந்தை வேலை செய்ய விடாமல் தடுக்கும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். உங்கள் குழு சார்பில் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, தெருநாய்களையும் சேர்த்துப் போட ஏற்பாடு செய்யலாம். ரத்தக் கழிச்சலில் செத்த நாய்க்குட்டியைக் காட்டோரம் வீசாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வேறு விலங்கு தோண்டாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குட்டி கிடந்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள்.